முன்பணத்தில் எழுதப்படாத பெயர்கள்: நிலக்கரிச் சுரங்கம் முதல் திருத்தணிச் செங்கல் சூளை வரை

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஊர் வழக்கு. இதே திருத்தணியில்தான் 1888ஆம் ஆண்டு சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாளை நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. ஆனால், இந்த ஊர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பகுதிக் குழந்தைகளின் ஆண்டு 365 நாட்களாக நகர்வதில்லை. அது மழைக்காலம், சூளைக்காலம் என்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பொங்கல் கழிந்ததும் குடும்பம் மூட்டை முடிச்சுடன் செங்கல் சூளைக்குப் போகிறது. மழை தொடங்கும்போது திரும்புகிறது. பள்ளியின் முழு ஆண்டுத் தேர்வு இந்த இடைவெளிக்குள் வந்து போய்விடுகிறது. வருகைப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வராதவர்' என்று ஒரு குறிப்பு விழுகிறது. அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பும் இருப்பதில்லை, பெயரே இருப்பதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் வறுமை. பெற்றோர் ஏழைகள், அறியாதவர்கள், ஆகவே பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பது அந்த விளக்கம். இது பாதி உண்மைகூட இல்லை. ஏழைக் குடும்பங்கள் பல தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. சூளையிலும் குவாரியிலும் சுரங்கத்திலும் குழந்தை எப்படி வேலைக்குள் வந்து சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அங்கே கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முன்பணம், எண்ணிக்கைக் கூலி, குடும்பத்தையே ஒரு தொழிலாளியாகக் கொள்ளும் ஏற்பாடு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் எவரும் கட்டளையிடாமலேயே குழந்தை வேலைக்கு வந்துவிடுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்ததும் இதுவே.

சூளைக் கணக்கு

செங்கல் சூளையில் கல் அறுக்கும் வேலைக்கு நாள் கூலி கிடையாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரி வழியாக முன்பணம் தரப்படுகிறது. மழைக்காலத்து அரிசிக்கும், மருத்துவத்துக்கும், திருமணத்துக்கும், சாவுக்கும் அந்தப் பணம் செலவாகிவிடுகிறது. பருவம் முழுவதும் வாரச் செலவுக்குச் சிறு தொகை கொடுப்பார்கள். அறுத்த கல்லின் கூலியிலிருந்து வாரச் செலவையும் முன்பணத்தையும் கழித்து, மீதியைப் பருவ முடிவில் தீர்ப்பார்கள். கணக்கு நோட்டு முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ இருக்கும். அதில் கணவனின் பெயர் இருக்கும். பல இடங்களில் மனைவியின் பெயர்கூட இருக்காது.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு கணவன் மனைவிக்கு ரூ.50,000 முன்பணம். ஆயிரம் கல்லுக்கு ரூ.800 கூலி. இருவரும் நாளொன்றுக்கு 1,000 கல் அறுக்கிறார்கள். வாரம் ஆறு நாள் தடையின்றி வேலை நடந்தால் ரூ.4,800 வரும். வாரச் செலவு ரூ.2,000 போக ரூ.2,800 மிஞ்சும். இருபது வாரத்தில் ரூ.56,000, கடன் தீர்ந்து ரூ.6,000 கையில் நிற்கும். முன்பணம் தரும்போது சொல்லப்படும் கணக்கு இதுதான்.

நடப்பது வேறு. கோடை மழையில் பச்சைக் கல் கரைகிறது. காய்ச்சல் வருகிறது. உடைந்த கல் கணக்கில் சேர்வதில்லை. சராசரியாக வாரத்துக்கு நான்கு நாள் வேலைதான் கணக்கில் நிற்கிறது என்று கொள்வோம். அப்போது வார வரவு ரூ.3,200, செலவு போக ரூ.1,200, இருபது வாரத்தில் ரூ.24,000. பருவம் முடியும்போது ரூ.26,000 கடன் நிற்கிறது. அதைத் தீர்க்காமல் வேறிடம் போக முடியாது. அடுத்த பருவத்தின் முன்பணம் இந்த நிலுவையின் மேல் ஏறுகிறது.

இப்போது இரண்டு பிள்ளைகள் கூட நிற்கிறார்கள். காய்வதற்காகக் கல்லைத் திருப்பி வைக்கிறார்கள், அச்சுக்கு மணல் தூவுகிறார்கள், காய்ந்த கல்லை அடுக்குகிறார்கள். பெற்றோர் அச்சைவிட்டு எழ வேண்டியதில்லை. நாளுக்கு 1,400 கல் ஆகிறது. அதே நான்கு நாள், அதே இருபது வாரம். கூடுதலாக 32,000 கல். அதன் கூலி ரூ.25,600. கடன் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது.

இந்த ரூ.25,600 பிள்ளைகளின் உழைப்பு. அது எந்த நோட்டிலும் அவர்கள் பெயரில் இல்லை. சூளைக்காரர், 'நான் எந்தக் குழந்தையையும் வேலைக்கு வைக்கவில்லை' என்று கூசாமல் சொல்ல முடிவது இதனால்தான். அவர் குழந்தையைக் கூப்பிடவில்லை. கூலியையும் முன்பணத்தையும் குழந்தையின் உழைப்பு இல்லாமல் தீராதபடி வைத்திருக்கிறார். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து தெற்கே அழைத்து வரப்படும் குடும்பங்களின் வழக்கில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயரே உண்டு. 'பத்துரியா' என்பது ஓர் ஆண், ஒரு பெண், உடன் ஒரு குழந்தை சேர்ந்த வேலை அலகு. அங்கே குழந்தை உதவிக்கு வந்து நிற்பதோடு முடிவதில்லை. முன்பணம் பேசும்போதே கணக்கில் சேர்க்கப்படுகிறது. இப்படி வந்த ஒடிசாத் தொழிலாளர்கள் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்து நூற்றுக்கணக்கில், பலமுறை, மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

ஞானஸ்நானத்தில் கைமாறிய பணம்

இந்த முறையை இந்தியப் பின்தங்கிய நிலையின் விளைவு என்று நினைப்பவர்கள் ஸ்காட்லாந்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1606ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், நிலக்கரித் தொழிலாளர்களை அவர்கள் வேலை செய்த சுரங்கத்தோடு பிணைத்தது. உரிமையாளரின் ஒப்புதல் சீட்டு இல்லாமல் வேறிடத்தில் வேலைக்குச் சேர முடியாது. சுரங்கம் விற்கப்பட்டால் தொழிலாளியும் அதனுடன் கைமாறினார். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது, சுரங்க உரிமையாளர் பெற்றோரிடம் ஒரு சிறு தொகையைக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதைப் பெற்றுக்கொண்டால் அந்தக் குழந்தை வளர்ந்து அதே சுரங்கத்தில் உழைக்கும் என்று பொருள். தொட்டிலிலேயே முன்பணம். 1775இல் தொடங்கிய விடுவிப்பு 1799இல் வந்த இரண்டாவது சட்டத்தோடுதான் முழுமையடைந்தது.

பிணைப்புச் சட்டம் போன பின்னும் குழந்தை சுரங்கத்தைவிட்டு மேலே வரவில்லை. வெட்டிய நிலக்கரியின் அளவுக்கே கூலி. வெட்டியதை மேலே கொண்டுவரும் பொறுப்பும் வெட்டுபவருடையது. ஆகவே அவர் மனைவியையும் மக்களையும் உடன் இறக்கினார். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் காற்றோட்டக் கதவுகளைத் திறந்து மூடுவதற்காக இருட்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சற்று வளர்ந்தவர்கள் இடுப்பில் வாரும் சங்கிலியும் கட்டி, தவழ்ந்தபடி வண்டி இழுத்தார்கள். 1838 ஜூலை 4 அன்று யார்க்‌ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில் மழை வெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் இறந்தார்கள். அரசி விக்டோரியாவின் ஆட்சியில் 1840இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் சிறுவர் சிறுமியரையே நேரில் விசாரித்து, 1842இல் படங்களுடன் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில், பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் பலவீனத்தை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாடு முழுமைக்கும் முதலில் ஒரே ஓர் ஆய்வாளர்தான் நியமிக்கப்பட்டார். நிலத்தடியில் இறங்கிப் பார்க்கும் ஆய்வாளர்கள் 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தார்கள். தடை விதித்தவர்கள், பெண்களும் குழந்தைகளும் ஈட்டிய கூலி எங்கிருந்து ஈடுசெய்யப்படும் என்ற கேள்வியைத் தொடவே இல்லை. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்று ஆணின் கூலியை உயர்த்தியதும், 1870இலும் 1880இலும் வந்த கல்விச் சட்டங்கள் பள்ளியைக் கட்டாயமாக்கியதும் சேர்ந்துதான் தடையை நடைமுறையாக்கின.

ராணிகஞ்சும் ஜரியாவும்

இந்தியாவில் நிலக்கரி வெட்டுதல் 1774இல் வங்காளத்தின் ராணிகஞ்சில் தொடங்கியது. இருப்புப்பாதை வந்தபின் ராணிகஞ்சும், பின்னர் ஜரியாவும் பெருவயல்களாயின. அங்கே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி சாந்தால் முதலிய பழங்குடியினரும், பௌரி போன்று தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியினரும். கணவன் வெட்ட, மனைவியும் பிள்ளைகளும் கூடையில் சுமக்கும் குடும்பக் குழுவே அங்கும் வேலை அலகாக இருந்தது. ஆட்கள் ஓடிவிடாமல் இருக்கச் சுரங்கக் கம்பெனிகள் ஒரு வழி கண்டன. சுற்றியுள்ள கிராமங்களின் ஜமீன் உரிமையை வாங்கி, சுரங்கத்தில் வேலை செய்வதையே நிபந்தனையாக வைத்துக் குடிகளுக்கு உழவுநிலம் கொடுத்தன. ஸ்காட்லாந்தில் ஞானஸ்நானக் காசு செய்ததை இங்கே ஒரு துண்டு நிலம் செய்தது.

1923ஆம் ஆண்டின் இந்தியச் சுரங்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1935இல் அந்த வயது 15 ஆனது. பெண்களை நிலத்தடியிலிருந்து படிப்படியாக விலக்கும் விதிகள் 1929இல் வந்து 1937இல் முழுத் தடையாயின. ஆனால் கூலி முறை மாறவில்லை. நேற்றுவரை குடும்பமாக ஈட்டிய கூலியை இன்று ஒருவர் மட்டும் ஈட்ட வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1842இல் விடப்பட்ட அதே கேள்வி இங்கும் விடப்பட்டது.

தன்பாத்தில் அம்பேத்கர்

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1943 டிசம்பரில் அவர் தன்பாத் நிலக்கரி வயலுக்குச் சென்று சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அவர் பொறுப்பில் இருந்த அதே 1943இல்தான், போர்க்கால நிலக்கரிப் பற்றாக்குறையைக் காட்டி, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதற்கான தடை நீக்கப்பட்டது. நாட்டின் பெண்கள் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அம்பேத்கர் அதைத் தற்காலிக ஏற்பாடு என்று சட்டமன்றத்தில் நியாயப்படுத்தினார். தடை 1946இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் அவர் வலியுறுத்தியதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கும் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான கூலி தரப்பட வேண்டும் என்பது நிபந்தனையாக்கப்பட்டது. சுரங்கப் பெண்களுக்கான மகப்பேற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வீடு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு நிலக்கரியின் மீதே தீர்வை விதிக்கப்பட்டது. இவற்றின் அடிப்படை ஒன்றுதான்: தொழிலாளி என்பவர் தனி மனிதர், அவருக்குத் தனிக் கூலி, தனி உரிமை. குடும்பத் தலைவர் வழியாகவோ மேஸ்திரி வழியாகவோ அவர் கணக்கில் வரக் கூடாது. பின்னர் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பையும், 24ஆம் பிரிவு 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் அபாயகரமான வேலையிலும் அமர்த்துவதையும் தடை செய்தன. 24ஆம் பிரிவில் சுரங்கம் என்ற சொல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது.

கோலார் போனவர்கள்

திருத்தணிக்குச் சுரங்க வரலாறு அந்நியமானதும் அன்று. 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வட ஆற்காடு, சித்தூர் மாவட்டங்களின் சேரிகளிலிருந்துதான் கோலார் தங்கவயலுக்கு ஆட்கள் போனார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது முதல், நிலத்தடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்பேசும் ஒடுக்கப்பட்ட மக்களே. பெண்களும் சிறுவர்களும் நிலத்தின் மேல் நடந்த வேலைகளில் அமர்த்தப்பட்டார்கள். பாறை வெடிப்பும், நுரையீரலில் படிந்த கல்தூசியும், தட்டிக் குடிசைகளும் அவர்கள் வாழ்வாயின. அதைப் பொற்காலமாக்க எந்த நியாயமும் இல்லை.

ஆயினும் ஒன்று நடந்தது. பண்ணை அடிமைத்தனத்தை விட்டு வந்து ஓரிடத்தில் நிலைத்து, பணக் கூலி பெற்ற மக்கள், தங்களுக்கென்று ஓர் அறிவுலகத்தைக் கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் தோன்றின. 1914இல் பண்டிதர் மறைந்த பின், 'தமிழன்' இதழ் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து நடத்தப்பட்டது. பண்டிதரின் நூல்களை மாரிக்குப்பத்துச் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. 1930இல் கைரேகை பதியும் புதிய முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

கோலாரையும் சூளையையும் ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. இரண்டிலும் உழைத்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். இரண்டிலும் உடல் அழிந்தது. ஆனால் ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் தங்கிய குடும்பம் சங்கம் வைத்தது, இதழ் படித்தது. பருவத்துக்குப் பருவம் சூளை மாறும் குடும்பத்துக்கு ஊரில் பள்ளியும் இல்லை, சூளையில் சங்கமும் இல்லை. முன்பணம் உழைப்பைப் பறிப்பதோடு நிற்பதில்லை. மக்கள் ஒன்றுகூடித் தங்களைத் தாங்களே பேசிக்கொள்ளும் இடத்தையும் பறிக்கிறது.

சட்டம் சொல்வது

இன்றைய சட்டம் வலுவானது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976, முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடும் எல்லா ஒப்பந்தத்தையும் செல்லாததாக்கியது. அந்தக் கடனையே ரத்து செய்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகப் 'பந்துவா முக்தி மோர்ச்சா' தொடுத்த வழக்கின் தீர்ப்பு 1983 டிசம்பரில் வந்தது. கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால், அது முன்பணத்துக்காக நடக்கிறது என்றே கருத வேண்டும், இல்லை என்று நிறுவும் பொறுப்பு முதலாளியுடையது என்று அத்தீர்ப்பு சொன்னது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வைப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றாயிற்று. 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான வேலைகளில் அமர்த்தக் கூடாது. அந்த வேலைகளின் அட்டவணை 2017இல் திருத்தப்பட்டது. சுரங்கங்கள், நிலக்கரிச் சுரங்கங்கள் என்ற முதல் தலைப்பின் கீழேயே கல்குவாரியும் செங்கல் சூளையும் வருகின்றன. சூளையைச் சுரங்கத்தோடு சேர்த்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் கற்பனை இல்லை. சட்டமே அப்படித்தான் பார்க்கிறது.

ஆனால் அதே திருத்தம் ஒரு சந்தையும் திறந்துவிட்டது. பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம் என்பது விதிவிலக்கு. ஆய்வுக்குப் போகும் அதிகாரியிடம், 'பிள்ளை அப்பா அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறது' என்று சொல்லப்படுவது இந்தச் சந்தில் நுழைந்துகொண்டுதான். அந்த வாதம் நிற்காது. சூளை தொழிலாளியின் குடும்பத் தொழில் இல்லை. கல்லும் சூளையும் லாபமும் முதலாளியுடையவை. அபாயகரமான தொழில்களுக்கு இந்த விதிவிலக்கே பொருந்தாது. களத்துக்குப் போகும் தோழர்கள் இந்த இரண்டு வரிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

திருத்தணியில் கேட்க வேண்டியவை

2019 ஜூலையில், அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இரண்டு இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் அப்போது நாளிதழ்களில் வந்தது. அவர்கள் இருளர்கள். வட மாவட்டங்களில் மீட்கப்படும் கொத்தடிமைகளில் இருளர்கள் இவ்வளவு பேராக இருப்பது தற்செயல் இல்லை. வீட்டுமனைப் பட்டாவோ, சாதிச் சான்றோ, வங்கிக் கடனோ எட்டாத குடும்பத்துக்குக் கடன் தருபவர் மேஸ்திரி மட்டுமே. ஸ்காட்லாந்துத் தொழிலாளி சட்டம் மாறியதும் சுரங்கத்தைவிட்டு வெளியேற முடிந்தது. இங்கே சூளையைவிட்டு வெளியேறினாலும் சாதி வெளியே காத்திருக்கிறது.

திருத்தணி, வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம். பள்ளிப்பட்டும் ஆர்.கே.பேட்டையும் இந்தக் கோட்டத்தில் அடங்கும். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழையும் அவரே வழங்குகிறார். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவியாக ரூ.30,000 வரை கிடைக்கும். ஆணுக்கு ரூ.1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் ரூ.2 லட்சம், கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு ரூ.3 லட்சம் என்ற முழுத் தொகையோ வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் குடும்பம் காத்திருக்க வேண்டும்; காத்திருக்கும் குடும்பத்தின் வாசலுக்கு மேஸ்திரி மீண்டும் வருவார். எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர் என்றால் மீட்கும் மாநிலம் ஒன்று, மறுவாழ்வு தர வேண்டிய மாநிலம் இன்னொன்று. கோப்பு இரண்டுக்கும் நடுவில் தேங்கும்.

ஆகவே, 'குழந்தைத் தொழிலாளர் இல்லாத மாவட்டம்' என்ற பலகையைவிடச் சில எளிய கேள்விகள் பயனுடையவை. சூளையின் கூலிப் பதிவேட்டில் பெண்ணின் பெயர் தனி வரியில் இருக்கிறதா? ஆயிரம் கல்லுக்கான கூலி, பிள்ளைகளின் கை படாமல் இருவர் மட்டும் எட்டு மணி நேரம் உழைத்தால் குறைந்தபட்சக் கூலியை எட்டுகிறதா? ஜனவரியில் பள்ளியைவிட்டுப் போன பிள்ளையின் பெயர் சூளைக்கு அருகிலுள்ள பள்ளியின் பதிவேட்டில் ஏறியதா? கொடுக்கப்பட்ட விடுதலைச் சான்றிதழ்கள் எத்தனை, முழுத் தொகை பெற்றவர்கள் எத்தனை பேர்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கல்லூரி மாணவர் தனியாகவே இவற்றைக் கேட்க முடியும்.

மாற்று வழி உண்டு என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் தாங்களே உரிமையாளர்களாக நடத்தும் 'சிறகு' செங்கல் சூளை, மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு மெய்யூரில் தொடங்கப்பட்டது. மண்ணும் அச்சும் நெருப்பும் அங்கும் அவையே. அங்கே இல்லாதது முன்பணம். கூலியை நிர்ணயிப்பவரும் கணக்கு நோட்டை வைத்திருப்பவரும் உழைப்பவரே ஆகும்போது, கடனைத் தீர்க்கப் பிள்ளையின் கை தேவைப்படுவதில்லை.

குழந்தையைச் சூளையிலிருந்து தூக்கி வந்து பள்ளியில் உட்கார வைப்பது முதல் படி. ஆனால் பெற்றோரின் கணக்கு நோட்டில் நிலுவை நிற்கும் வரை, அடுத்த பொங்கலுக்குப் பின் அந்த இருக்கை மீண்டும் காலியாகும். 1842இல் லண்டனிலும் 1923இல் டெல்லியிலும் குழந்தையின் வயதை மட்டும் எழுதிவிட்டுக் கூலியின் கணக்கைத் தொடாமல் விட்டார்கள். திருத்தணியில் நாம் அந்த நோட்டைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.